பரட்டைத் தலையும் ஒரு ஈரிழைத் துண்டும்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருநெல்வேலி. அக்கா பொண்ணு, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, கண்ணாடி முன்னாடி நின்னு தண்ணியைத் தொட்டுத் தொட்டு முன்நெத்தி முடியை அமுக்கிட்டு இருந்தா. என்னட்டி பண்றன்னு கேட்டேன்.

"சித்தி, ஷோகேஸ்ல இருக்குற போட்டோல உனக்கு முடி நேரா இருக்குல்ல, அதே மாதிரி எனக்கும் பண்ணி விடு. டான்ஸ்ல மிஸ் என்னைக் கடைசி வரிசைக்கு மாத்திட்டாங்க. முடி புஸ்ஸுனு நிக்குதாம்."

திரும்பி வரும்போது பஸ்ல தூக்கமே வரலை. அதான் இந்தப் பதிவு. தலைமுடிக்கெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, உங்களுக்கு நேர்முடின்னு புரிஞ்சுக்கிறேன் :-)

எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வீட்டுக்கு வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி, "ஏன்மா, தலை சீவலையா?" சீவிட்டுத்தான் நிப்பேன். சீவினதாலதான் அப்படி நிக்குதுங்கிறது எனக்கும் தெரியாது, சீவி விட்ட அம்மாவுக்கும் தெரியாது. ஸ்கூல்ல நூடுல்ஸ், குருவிக்கூடு, ஸ்பிரிங். அப்புறம் எல்லாத்துக்கும் மேல 'பரட்டை'. 1977-ல பதினாறு வயதினிலே வந்ததுக்கப்புறம் பொறந்த எந்தச் சுருட்டை முடிக்காரரும் அந்தப் பேர்லேர்ந்து தப்பிச்சதில்லைன்னு நினைக்கிறேன். ஆச்சி மட்டும் "சுருட்டை முடி சோறு போடும்ட்டி, விடு"ன்னு சொல்லும். ஆனா அதே ஆச்சிதான் மொட்டை போட்டா நேரா வளரும்னு யோசனையும் சொன்னது. திருச்செந்தூர்ல எனக்கு மொத்தம் மூணு மொட்டை. ஒண்ணு முருகனுக்கு, மிச்சம் ரெண்டு முடி நேராகுறதுக்கு. முருகனுக்கு முடி போச்சு, எனக்குச் சுருட்டை திரும்ப வந்துச்சு.

வராம எங்க போகும்? சுருட்டைங்கிறது முடியோட நுனியில இருக்குற விஷயம் இல்லை. தோலுக்குள்ள முடி முளைக்கிற குழி வளைஞ்சிருக்கு, அதுலேர்ந்து வர்ற முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தா வட்டமா இல்லாம நீள்வட்டமா இருக்கும். நம்ம பாஷையில சொன்னா அது ஹார்டுவேர். மேல என்ன பேட்ச் போட்டாலும் அடுத்த ரிலீஸ் பழையபடிதான் வரும்.

இதையெல்லாம் படிக்காம நானும் ஒரு பேட்ச் போட்டேன். இருபத்தி நாலு வயசுல வீட்ல வரன் பார்க்க ஆரம்பிச்சாங்க. போட்டோ எடுக்கணும், முடியை நேராக்கிட்டு எடுத்தா நல்லா இருக்கும்னு அத்தை சொன்னாங்க. ஆறாயிரம் ரூபாய், அஞ்சு மணி நேரம். ரீபாண்டிங்னா சும்மா இல்லைங்க. முடிங்கிறது கெரட்டின்ங்கிற புரோட்டீன், அதுக்குள்ள கந்தகப் பிணைப்புகள் இருக்கு. ஒரு க்ரீமைத் தடவி அந்தப் பிணைப்பை உடைச்சு, சூட்டு இரும்பால இழுத்து நேராக்கி, இன்னொரு மருந்தைப் போட்டு அப்படியே ஒட்ட வைக்கிறாங்க. அழுகின முட்டை நாத்தம் மூணு நாள் போகலை. முடி என்னமோ பட்டுப் போல விழுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். நடக்கும்போதே தலையை ஆட்டிக்கிட்டு நடந்தேன். ஆபீஸ்ல ஆறு பேர் "இப்பதான் பார்க்க நீட்டா இருக்கீங்க"ன்னாங்க. அப்போ அதுக்கு முன்னாடி?

வரன் ஜாதகத்துலேயே நின்னு போச்சு, அது தனிக்கதை. முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு மாசத்துல மேல ஆறு சென்டிமீட்டர் சுருட்டை, கீழ முழுக்கத் துடைப்பக் குச்சி. ரெண்டும் சேர்ற இடத்துல சீப்பு பட்டாலே ஒடியும். கடைசியில தோள் வரைக்கும் வெட்டினேன். அந்தப் போட்டோ மட்டும் இன்னும் ஷோகேஸ்ல சிரிச்சுக்கிட்டு இருக்கு, பிள்ளை அதைப் பார்த்து வளருது. அதுதான் எனக்கு உறுத்துது. (கெரட்டின் ட்ரீட்மென்ட்னு சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். அதுல சில மருந்துகளைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே அது மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு சொல்லிடுச்சு. போடுறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க.)

நான் சொல்ல வர்றது இதுதான். சுருட்டை முடி கெட்டுப்போன நேர்முடி இல்லை. அதை நேர்முடி மாதிரி நடத்துறதுலதான் கெட்டுப்போகுது. காய்ஞ்ச முடியைச் சீவினா ஒண்ணா சேர்ந்திருக்குற சுருள் எல்லாம் தனித்தனி இழையாப் பிரிஞ்சு பரட்டையாகும். அதனால நான் இப்ப காய்ஞ்ச தலையில சீப்பு வைக்கிறதே இல்லை. வாரத்துக்கு ரெண்டு தடவை குளியல். தலையில ஊர்ற எண்ணெய்ப் பசை நேர்முடில சறுக்கி இறங்குற மாதிரி இதுல இறங்காது, வளைவு வளைவாப் போகணும், நுனி எப்பவும் வறண்டுதான் இருக்கும். தினம் ஷாம்பூ போட்டா இருக்குறதும் போச்சு. முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் வெச்சா முடியோட புரோட்டீன் அதிகம் கரையாது, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, அம்மா ஜெயிச்ச ஒரே இடம். அப்புறம் கண்டிஷனர் தாராளமாப் பூசி, அந்த வழுவழுப்போடவே பெரிய பல் சீப்பால நுனிலேர்ந்து மேல சிக்கு எடுக்கணும். செம்பருத்தி இலைத் தாளியும், ஊற வெச்சு அரைச்ச வெந்தயமும் இதே வழுவழுப்பைத் தரும், என்ன, வெந்தயம் அலசி முடிக்கிறதுக்குள்ள ஸ்டேண்டப் மீட்டிங் முடிஞ்சிடும்.

துவட்டுறதுலதான் பெரிய தப்பு பண்ணிட்டு இருந்தேன். டர்க்கி டவலைப் போட்டு பரபரன்னு தேய்ப்பேன். இப்ப தாத்தாவோட ஈரிழைத் துண்டு. தேய்க்காம, கீழேர்ந்து மேல கசக்கிக் கசக்கி விட்டா போதும். நனைஞ்ச முடில தண்ணி சில பிணைப்புகளைத் தளர்த்தி வெச்சிருக்கும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அதுல உறையும். அந்த ஒரு மணி நேரம் தலையில கை வைக்கக் கூடாது. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்! ஓ.எம்.ஆர் பக்கத்து போர் தண்ணிக்குக் கடைசி ரெண்டு மக் ஆர்.ஓ தண்ணியில அலசிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

இன்னொரு புலம்பலும் இருக்கு. 2001-ல அமெரிக்காவுல லொரேன் மாஸி எழுதின 'கர்லி கேர்ள்' புத்தகம் வந்ததுலேர்ந்து சுருட்டை முடிக்குன்னே ஒரு வழிமுறை பரவுச்சு. நல்ல விஷயம்தான். ஆனா இப்ப 2பி-யா 3ஏ-வான்னு கிரேடு போட்டு, க்ரீம் தனி, ஜெல் தனி, தலையணை உறை தனின்னு விக்கிறாங்க. ஒரு தடவை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி அடுக்கினேன். நேராக்குன்னு ஒரு கடைக்காரன் சொன்னான், ஒழுங்காச் சுருட்டுன்னு இன்னொருத்தன் சொல்றான். உன் முடி இப்படி இருந்தா போதும்னு சொல்ல எவனுக்கும் மனசில்லை. 2015-ல பிரேமம் வந்து அனுபமாவைப் பார்த்ததும் சுருட்டை ஃபேஷன்னு கொண்டாடின அதே காலேஜ் பசங்க, கூடப் படிச்ச எங்களைப் பரட்டைன்னுதான் கூப்பிட்டாங்க. படத்துல பார்த்தா அழகு, பக்கத்து பெஞ்சுல இருந்தா தலை சீவலை!

ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளையைக் கிணத்தடியில உட்கார வெச்சேன். நாப்பது நிமிஷம் சிக்கு எடுத்தோம். அழுகை, ரெண்டு கடலை மிட்டாய், மறுபடி அழுகை. ஈரிழைத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு ராணி மாதிரி திண்ணையில உட்கார்ந்திருந்தா. காய்ஞ்சதும் கண்ணாடில ஒவ்வொரு சுருளா இழுத்து விட்டு, "இது நாப்பத்தி ஒண்ணு, இது நாப்பத்தி ரெண்டு"ன்னு எண்ண ஆரம்பிச்சா. எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு பஸ் நேரமாயிடுச்சு.

ஷோகேஸ் போட்டோவை எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் கோவம். டான்ஸ் வரிசை விஷயமா மிஸ்கிட்ட பேசுறேன்னு அக்கா சொல்லியிருக்கா. ஆண்டு விழா அடுத்த மாசம். அவ பேசலைன்னா நான் லீவு போட்டுட்டுப் போகப் போறேன், இதே தலையோட.