நாற்பது புத்தகம்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வழியாகக் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். அப்படியே செங்கோட்டைக்குப் போய் வாஞ்சிநாதன் சிலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் கடையத்தில் இன்னொருவர் சட்டத்தோடு மல்லுக்கு நின்றதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1881இலேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்துவிட்டது. ராஜத்துரோக வழக்குக்குத் தப்பி, 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்து ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தினார். ஆளைப் பிடிக்க முடியாத வெள்ளைக்காரன், பத்திரிகை தன் எல்லைக்குள் நுழையாதபடி தடுத்தான். 1910இல் அது நின்றுபோனது. மறு வருஷம் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ ஆகிய நூல்களுக்கும் தடை.

1918 நவம்பரில் எல்லை தாண்டியவரைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். சில வாரம் கழித்து நிபந்தனைகளோடு வெளியே வந்து, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குக் குடிவந்தார். எழுதுவதைப் போலீசுக்குக் காட்டவேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அதற்கு ஒப்புக்கொண்டதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1920இல் அதே கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டம். மொத்தம் நாலு லட்சம்! பணம் சேரவில்லை, அடுத்த வருஷமே அவரும் போய்விட்டார். ஆனால் பன்னிரண்டு வருஷம் துரத்தியும் அந்த மனிதரின் எழுதும் ஆசையைச் சட்டத்தால் தொட முடியவில்லை.

என் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இளமையில் நானும் சில கதைகள் எழுதினேன். அரசாங்கக் குமாஸ்தா ஆனதும், மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று பயந்து நானே கிழித்துப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை, ஒரு மெமோகூட வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலில் குறிப்பு எழுதியதோடு சரி.

வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் சட்டம் உண்டாக்க நினைத்த பயம் மட்டும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேரன் பேத்தி ஏதாவது எழுதிக்கொண்டு வந்து காட்டினால், “நமக்கேன் வம்பு” என்று நம் வாயில்தான் முதலில் வருகிறது. இனிமேலாவது அதைச் சொல்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் படிப்போம்.