தளை தட்டும் வண்டிகள்

குன்னூரிலும் உதகையிலும் கார் வைத்திருக்கும் படித்தவர்கள் பலர் காலைதோறும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் மொழி ஒன்று உண்டு: "சத்தம்தானே, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்." இம்மொழிக்கு எதிராகவே இதை எழுதுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சின் சங்கிலிக்கு என்ன வேலை என வினவும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. விடை பின்னால் வருகிறது. அதில் நமது தலைகுனிவும் உண்டு.

முதலில் எந்தச் சத்தம் என்று தெளிவுபடுத்திவிடுவோம். மார்கழிக் காலை. புல்வெளியில் உறைபனி வெளுத்துக் கிடக்கிறது. இரவெல்லாம் வெளியில் நின்ற சிறிய காரின் சாவியைத் திருப்புகிறீர்கள். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல மூன்று நான்கு நொடிகள் கடகடவென்று ஓர் ஒலி. பிறகு அடங்கிவிடுகிறது. அடங்கிவிடுவதனால்தான் அதை மன்னித்துவிடுகிறோம். சில மாதங்களில் நான்கு நொடி பத்து நொடியாகிறது. பின்னர் வண்டி சூடேறிய பிறகும் அடிக்குரலில் ஒரு கரகரப்பு தங்கிவிடுகிறது. இதுவே டைமிங் செயின் தளர்ந்த ஓசை. (இதற்கு 'நேரமுறைச் சங்கிலி' என்று பெயர் சூட்ட நம் துறையினர் ஆயத்தமாக இருப்பார்கள். பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் சைக்கிள் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகவே டைமிங் செயின் என்றே இருக்கட்டும்.)

எஞ்சினின் அடியில் கிராங்க் தண்டு சுழல்கிறது. மேலே கேம் தண்டு சுழன்று வால்வுகளைத் திறக்கிறது. கிராங்க் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்ற வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பது இரண்டையும் பிணைக்கும் சங்கிலிதான். மேலேயுள்ள பல்சக்கரத்தில் கீழேயுள்ளதைப் போல் இருமடங்கு பற்கள் இருப்பதும் இதனாலேயே. சங்கிலி தொய்யாதபடி ஒருபுறம் டென்ஷனர் அழுத்திப் பிடித்திருக்கும். அது பெரும்பாலும் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. காலையில் ஆயில் அழுத்தம் ஏறும் வரையில் சங்கிலிக்குப் பிடிப்பில்லை. நல்ல சங்கிலியாயின் அந்த ஓரிரு நொடியில் பெரிதாக ஒன்றும் கேட்காது. நீண்டுபோன சங்கிலியாயின் உறையில் மோதிக் கத்தும்.

சங்கிலி நீள்கிறது என்றால் இரும்பு இழுபட்டு நீள்கிறது என்று பொருளன்று. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் புஷ்ஷும் மயிரிழையளவு தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் மயிரிழைகளைக் கூட்டினால் அரை சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. அந்த அரை சென்டிமீட்டரில் வால்வு திறக்கும் காலம் பிசகுகிறது, இழுவை குறைகிறது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. இன்னும் விட்டால் ஒருநாள் சங்கிலி பல் தாண்டும். பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துபவை. நேரம் பிசகினால் ஒன்றையொன்று முட்டும். வால்வு வளைந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்.

இவ்வளவும் தெரிந்த செய்திதானே, பின் ஏன் யாரும் சங்கிலியை மாற்றுவதில்லை? "செயின் எஞ்சின் சார், ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற விற்பனைப் பேச்சுதான் காரணம். இப்பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அம்பாசடரும் பியட்டும் சங்கிலி வண்டிகளே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது பல்வைத்த ரப்பர் பெல்ட் வந்தது. பெல்ட் தன் ஆயுளை மறைப்பதில்லை. இத்தனை கிலோமீட்டரில் என்னை மாற்று என்று கையேட்டிலேயே எழுதிக்கொண்டு வரும். ஆனால் அறுவதற்கு முன் ஓர் ஒலியும் எழுப்பாது. பின்னர் 2008 முதல் மாருதியின் கே வரிசை எஞ்சின்களும் ஹூண்டாயின் கப்பா எஞ்சின்களும் இங்கே சங்கிலியைத் திரும்பக் கொண்டுவந்தன. பெல்ட் மாற்றும் செலவிலிருந்து விடுபட்டோம் என்று மக்கள் மகிழ்ந்தனர். மாற்றும் கெடு கையேட்டில் இல்லை. கெடு இல்லாததை மரணமில்லாதது என்று படித்துக்கொண்டோம்.

சங்கிலிக்கு மரணம் உண்டு என்பதற்கு ஜெர்மானியரே சான்று. ஃபோக்ஸ்வாகனின் 1.4 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினில் சங்கிலி நீள்கிறது, டென்ஷனர் தளர்கிறது என்று பல நாடுகளில் புகார் எழுந்தது. 2012இல் வந்த அடுத்த தலைமுறை எஞ்சினில் அவர்கள் பல்பெல்ட்டுக்கே மாறினார்கள். ஹான்ஸ் ரெனால்டு மான்செஸ்டரில் 1880இல் புஷ் ரோலர் சங்கிலியை உருவாக்கினார். அன்று முதல் இன்றுவரை சங்கிலியின் நியதி மாறவில்லை: எண்ணெய் உள்ளவரை அது வாழும். ஆயுட்காலச் சங்கிலி என்பவர்கள் 'நல்ல எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்படுமாயின்' என்ற முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் விற்கிறார்கள்.

அந்த உரிய காலம் எது என்பதில்தான் மலைவாழ் மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுக என்கிறது அட்டவணை. சமவெளியில் ஐந்தாம் கியரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய கார், பத்துக் கிலோமீட்டரை ஏழரை நிமிடத்தில் கடக்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று கொண்டால் கிராங்க் ஏறத்தாழ 19,000 முறை சுழலும். அதே கார் பர்லியாற்றிலிருந்து குன்னூருக்கு இரண்டாம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், அதே பத்துக் கிலோமீட்டருக்கு இருபது நிமிடம். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றாலும் 48,000 சுழற்சி. இது தோராயக் கணக்குதான். ஆனால் டயர் நடந்த தொலைவைச் சங்கிலி நடந்த தொலைவாக எண்ணும் அட்டவணை மலைக்குப் பொருந்தாது என்பதைக் காட்ட இதுவே போதும். இதன்மேல் 2,240 மீட்டர் உயரத்து மெல்லிய காற்று. இழுவை போதாமல் ஓட்டுநர் கீழ் கியரிலேயே நிற்கிறார். இதன்மேல் நம் ஊர்ப் பயணங்களின் குறுமை. வெலிங்டனிலிருந்து குன்னூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டியின் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதேயில்லை. எரியாத பெட்ரோலும் குளிர்ந்த நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். தயிர் போல் வெளுத்த பசை ஒட்டியிருந்தால் நீர் கலந்திருக்கிறது. (ஹெட் கேஸ்கெட் பழுதானாலும் இப்படி ஆகும், குளிர்விப்பு நீர் குறைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.) கையேடுகளின் பின்பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்றொரு தனி அட்டவணை பெரும்பாலும் இருக்கும். குளிரில் குறும்பயணமும் மலைப்பாதையும் அதில் அடங்குவன; ஆயில் மாற்றும் இடைவெளியை அது குறைத்தே சொல்லும். நீலகிரியில் ஓடும் வண்டிகளுக்கு அதுவே முதற்பக்கம்.

அடுத்த குற்றவாளி தடித்த ஆயில். செயின் கத்துகிறது என்று போனால், "கெட்டி ஆயில் ஊத்திருவோம் சார், அடங்கிடும்" என்று சொல்லும் பட்டறைகள் மலையில் எத்தனை! அடங்கத்தான் செய்யும், வண்டி சூடாக இருக்கும்போது. மறுநாள் விடியலில் அதே கெட்டி ஆயில் குளிரில் இறுகி, மெல்ல ஊர்ந்து, டென்ஷனருக்கு முன்னைவிடத் தாமதமாக வந்து சேரும். சங்கிலி பிடிப்பின்றி அடிபடும் நேரம் கூடும். நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு வலி தீர்ந்தது என்பது போன்ற வைத்தியம் இது. பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு சொல்: விடியற்காலையில் போங்கள், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள்.

இனி நம் கதை. நமது பத்தாண்டுப் பழைய ஒரு லிட்டர் கார் இவ்வாறு கத்தத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நான்கு மாதமும் நாம் வகுப்பில் யாப்பு நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழுதிய வெண்பாவின் மூன்றாம் அடியில் வெண்டளை பிறழ்ந்திருந்தது. "தளை தட்டுகிறதே, உன் காதில் விழவில்லையா?" என்று கடிந்தோம். நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் இசைந்து பிணைவதே தளை. தளை என்றால் விலங்கு, சங்கிலியும்தான். இசையாத பிணைப்பு ஓசையில் தட்டும். இதைப் பதினேழு ஆண்டுகளாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர், அன்று மாலை அதே காதுகளுடன் காரில் ஏறி, கடகட என்ற ஓசையின்மேல் வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு கேத்தி வழியே வீடு திரும்பினார். எழுத்தில் தட்டினால் பிழை, இரும்பில் தட்டினால் 'வெறும் சத்தம்'. இந்தப் பாகுபாட்டை நமக்கு யார் கற்பித்தார்கள்? கையில் கரி படியாதவரின் அறிவே அறிவு என்ற பழைய நோயன்றி வேறென்ன?

நாம் போன முதல் பட்டறை எஞ்சினையே மாற்றச் சொன்னது, அறுபதாயிரம் ரூபாய். இரண்டாவது, சங்கிலியை மட்டும் மாற்றலாம் என்றது. மூன்றாமவர் முதியவர். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் உறையில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "ஆயில் பார்க்காத வண்டி சார்" என்றார். ஒரு மருத்துவர் முன் பொய் பிடிபட்டாற்போல் இருந்தது. நாம் உரிய காலத்தில் ஆயில் மாற்றவில்லை என்பது உண்மைதான்.

இரண்டு நாள் வேலை. ஆயிலை வடித்து, எஞ்சினுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தாங்கி, பக்கவாட்டு மவுண்டைக் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, முன் உறையைப் பிரித்தார். பழைய சங்கிலியைப் படுக்கைவாட்டில் பிடித்துக் காட்டினார். வில்லைப் போல் வளைந்து தொங்கியது. புதியது ஏறத்தாழ நேராக நின்றது. டென்ஷனரின் தண்டு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிட்டிருந்தது. அதற்குமேல் தள்ள அதனிடம் ஒன்றுமில்லை. சங்கிலி ஓடும் பிளாஸ்டிக் கைடில் ஆழமான இரண்டு வாய்க்கால்கள். உடைந்த துணுக்குகள் ஆயில் சம்ப்பில், ஆயில் உறிஞ்சும் வலையின் அருகே கிடந்தன. அந்த வலை அடைபட்டிருந்தால் எஞ்சினுக்கே ஆயில் போயிருக்காது. சங்கிலியை மட்டும் மாற்றலாம் என்ற பட்டறை இவற்றையெல்லாம் உள்ளேயே விட்டிருக்கும். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலி போட்டால் புதுச் சங்கிலியும் விரைவில் பழையதாகும். ஆகவே சங்கிலி, டென்ஷனர், இரு கைடுகள், பல்சக்கரங்கள், கிராங்க் சீல் எல்லாம் ஒருசேர மாற வேண்டும். சிக்கனம் பேசுவோர் இங்கே வாயை மூடிக்கொள்வது நலம்.

முதல் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சங்கிலியின் நிறமிட்ட கண்ணிகளைப் பல்சக்கரப் புள்ளிகளுக்கு நேராக வைத்து மாட்டினார். டென்ஷனரின் ஊசியை உருவினார். பிறகு எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச்சுற்று சுற்றினார். நிறக் கண்ணிகள் இடம் மாறிவிட்டதைக் கண்டு நாம் பதறினோம். "அது அப்படித்தான் சார், பல தடவை சுத்தினாத்தான் திரும்பவும் அங்க வரும். சக்கரத்துப் புள்ளி சேருதா, அதை மட்டும் பாருங்க" என்றார். புள்ளிகள் சேர்ந்தன. அதன் பிறகே உறையைப் பசையிட்டு மூடினார். மொத்தம் பதினோராயிரம் ரூபாய்.

மெதுவாக ஓட்டினால் ஆபத்தில்லையே என்பவர்களுக்கு மலைப்பாதைதான் விடை. மேட்டுப்பாளையம் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் முப்பத்தாறு. கீழே இறங்கும்போது எஞ்சின் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தால் இயங்குகிறது. இறக்கத்தில் சங்கிலி அறுந்து வால்வுகள் நின்றால் வெற்றிடம் பிறக்காது. மிச்சமிருப்பது இரண்டொரு மிதிக்கு. அதன்பின் பிரேக் பெடல் கல்லாகிவிடும். அவ்வேளை பின்னிருக்கையில் மேல்சிகிச்சைக்காகக் கோவைக்கு அழைத்துச் செல்லப்படும் ஒரு முதியவர் இருக்கலாம். எதிர்வளைவில் ஒரு பேருந்து இருக்கலாம்.

1899இல் குன்னூருக்கு வந்த மலை ரயிலில் கல்லாறு முதல் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுவரை ஏறுவது பல்தண்டவாளத்தைப் பல்சக்கரம் பற்றிக்கொள்வதால்தான். அதைப் படம் பிடிக்கக் கூட்டம் கூடுகிறது. தம் பானட்டுக்குள் பல்லும் சங்கிலியும் பிடிநழுவிக் கதறுவதை அதே கூட்டம் கேட்பதில்லை.

நம் கல்லூரி வாகன நிறுத்தத்தில் நண்பர் ஒருவரின் கார் இன்றும் மாலைதோறும் பத்து நொடி கத்துகிறது. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மூன்று முறை சொல்லிவிட்டோம். "பனிக்காலம் ஐயா, எல்லா வண்டியும் அப்படித்தான்" என்கிறார். வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் இறங்குகிறாராம். வெள்ளிக்கிழமை மாலை அவருடைய சாவியை வாங்கிவைத்துக்கொள்வதாக இருக்கிறோம். நம் காரில் அழைத்துப் போகிறோம் என்று சொல்லியாயிற்று. கோபித்துக்கொண்டிருக்கிறார்.