பழுது பொறியில் இல்லை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்கு 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. பழையதாகிவிட்டதென்று கோபுரத்தை இடிக்க எவரும் சொல்லவில்லை, திருப்பணிதான் நடந்தது. கணினி என்றதும் மட்டும் அந்த அறிவை நாம் எங்கே தொலைக்கிறோம்?

2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பல பரணேறிவிட்டன. முதற்கட்டப் பொறிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது என்பதை இன்று நினைவுகூர்வோர் சிலரே. விண்டோஸ் 7க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபரிலும் நின்றன. விண்டோஸ் 11 கேட்பதோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும். இவையில்லாத பொறி காலாவதியாம்! திரையும் விசைப்பலகையும் பழுதுபடவில்லை. ஒரு நிறுவனத்தின் நாட்காட்டிதான் மாறியது.

ஆன்டிஎக்ஸ் போன்ற எளிய லினக்ஸுக்கு 512 எம்பி நினைவகமே போதும். கனத்த இணையப் பக்கங்களில் பழைய பொறி திணறும் என்பது மெய்யே. ஆயினும் யூனிகோடில் தமிழ் எழுதவும் மின்னூல் வாசிக்கவும் சிற்றிதழுக்கு மெய்ப்புத் திருத்தவும் அது தாராளம்.

ஏட்டுச்சுவடிகளை ஆற்றில் விட்ட தலைமுறையை நாம் ஏசுகிறோம். எழுதுகருவியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, இளைஞர் எழுதவில்லையே என்று தலையங்கம் தீட்டுவது நமக்கு அழகல்ல. ஒரு பென்டிரைவும் ஒரு பிற்பகலும் போதும், இந்தத் திருப்பணிக்கு.