‘முடிக்கப்படாதது’ என்னும் பழி

நீர்வண்ணத்தில் மனித உருவத்தைத் தளர்வாகத் தீட்டும் மாணவர் அடிக்கடி எதிர்கொள்ளும் தீர்ப்பு ஒன்றுண்டு: “இது இன்னும் முடியவில்லை.” முகத்தில் கண் இல்லை, விரல்களை எண்ண முடியவில்லை, தோளின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிட்டது. ஆகவே மதிப்பெண் குறைகிறது. புகைப்படத்தை இம்மியும் பிசகாமல் படியெடுத்தவரோ உழைப்பாளி எனப் பாராட்டப்படுகிறார். உழைப்பை எங்கே தேடவேண்டும் என்று அறியாதவர்களின் தீர்ப்பு இது.

எண்ணெய் வண்ணத்தில் பிழையின்மேல் இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். நீர்வண்ணத்தில் அது அரிது. வண்ணம் ஒளி ஊடுருவுவது. அடியில் உள்ளது மேலே தெரியும். வெள்ளை என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட தாளே. எனவே எதைத் தீட்டுவது என்பதோடு எதை விடுவது என்பதையும், தூரிகை தாளைத் தொடுமுன்பே முடிவு செய்தாக வேண்டும். நெற்றியில் விழும் வெயில் அவ்வாறு விடப்பட்ட இடம். இங்கே விடுதல் சோம்பல் அன்று. அதுவே வேலையின் கடினமான பாதி.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது வியப்பளிக்கக் கூடாது. ‘ஊறுகாய்’ என்னும் வினைத்தொகையில் காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. அதனாலேயே ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் அடங்குகின்றன. அதை முடிக்கப்படாத சொல் என்று யாரும் கூறுவதில்லை. சொல்லுக்கு அளிக்கும் நீதியை உருவத்துக்கு மறுப்பது ஏன்?

இது அண்மைக்கால அயல்நாட்டு மோகம் என்பாரும் உளர். 19ஆம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில், காளிகாட் கோயிலைச் சுற்றி வாழ்ந்த பட்டுவா ஓவியர்கள் மலிவான ஆலைத்தாளில் நீர்வண்ணம் கொண்டு தீட்டினர். கண்ணைத் தெளிவாக எழுதிய அவர்கள், கையின் திரட்சியையும் சேலை மடிப்பையும் சில தூரிகை வீச்சுகளில் முடித்தனர். பின்னணியை வெறுமையாகவே விட்டனர். அந்நடையில் ஆங்கிலேய நீர்வண்ணத்தின் தாக்கம் உண்டென டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் வாதிட்டார், அதை மறுத்தோரும் உண்டு. எவ்வாறாயினும், கோயில் வாசலில் படம் வாங்கிய எளிய மக்கள் அவ்வுருவங்களைப் படித்தறிந்தனர். பின்னர் சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் (1906–1980), சந்தால் மக்களின் உடலசைவை விரைந்த நீர்வண்ணத்தில் பதித்தார்.

தளர்வு என்ற பெயரில் வண்ணத்தைத் தெறிக்கவிட்டு, உடற்கூறு அறியாமையை மறைப்போரும் இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களை இனங்காண இமைமயிரை எண்ண வேண்டியதில்லை. உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது? தலைச்சுமை தூக்கியவளின் கழுத்து அச்சுமையைத் தாங்குகிறதா? கரைந்த தோள் கையோடு சேர்கிறதா? இவற்றுக்கு விடை தராத படத்துக்கு மதிப்பெண் குறையட்டும். விடை தரும் படத்தின்மேல் ‘முடியவில்லை’ என்று எழுதத் துணிபவர், முதலில் நடமாடும் மனிதர் ஐம்பது பேரை, ஆளுக்கு இரண்டு நிமிடத்தில், அழிப்பானின்றித் தீட்டிப் பார்க்கட்டும்.