தேளின் சுபாவமும் ஜாதிப் புரட்டும்

ஆற்றைக் கடக்க விரும்பிய தேள் ஒன்று தவளையின் முதுகில் ஏறிக்கொண்டு, நடு ஆற்றில் அதையே கொட்டிவிட்டு, "என்ன செய்வேன், என் சுபாவம் அது" என்று சொல்லித் தானும் மூழ்கிப் போயிற்றாம். இந்தக் கதைக்கு மேல்நாட்டில் வெகு செல்வாக்கு. 1997-ல் அமெரிக்க டெலிவிஷனில் வந்த 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' நாடகத்தில், 'தேள்' என்றே பெயரிட்ட பாகத்தில், தவளைக்குப் பதிலாக நரியை வைத்து இதே கதை வருகிறது. சக்கோட்டே என்னும் அதிகாரி, தம் கப்பல் தலைவியான ஜேன்வேயிடம் அதைச் சொல்லி, போர்க் என்னும் எதிரிக் கூட்டத்தாரின் சுபாவம் மாறாது, அவர்களை நம்ப வேண்டாம் என்கிறார்.

ஆனால் அந்த நாடகமே பிறகு காட்டியது என்ன? அதே கூட்டத்திலிருந்து செவன் ஆஃப் நைன் என்ற பெண் கப்பலுக்கு வருகிறாள். அவள் போர்க்காகப் பிறந்தவளல்ல. மனிதருக்குப் பிறந்து, சிறு வயதில் பிடிபட்டு, அப்படி ஆக்கப்பட்டவள். 2001-ல் நாடகம் முடிவதற்குள் கற்றும், கேட்டும், தவறியும், திருந்தியும் அவள் மனுஷியாகிறாள். அப்படியானால் மாறாத சுபாவம் எங்கே போயிற்று?

தேளுக்குத்தான் இப்பழி பொருந்துமா? தேள் இரைக்காகவும், தன்னை நசுக்க வருபவனிடமும் கொட்டுகிறது. அதே தேள் தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து காக்கிறது.

மேல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் பஞ்சதந்திரத்தில் ஒரு முனிவர் எலிக்குஞ்சைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். அவளோ சூரியன், மேகம், காற்று, மலை எல்லாவற்றையும் வேண்டாமென்று தள்ளி, எலியையே மணக்கிறாள். ஜாதியைத் தாண்ட முடியாதென்பதே அதன் நீதி! 1953-ல் சென்னை ராஜ்ய முதல் மந்திரி ராஜகோபாலாச்சாரியார், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று கொண்டுவந்த திட்டமும் இந்த எலிக்கதையின் வாரிசுதான். மக்கள் எதிர்த்தார்கள், 1954-ல் அது ஒழிந்தது. வண்ணான் மகனும் குயவன் மகனும் முழு நேரம் படித்தார்கள். எந்த ஆறு மூழ்கிற்று?

தோழர்களே! "அது அவன் பிறவிக் குணம்" என்று டெலிவிஷன் சொன்னாலும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சொன்னாலும், அவனுக்கு யார் எதைக் கற்பித்தார்கள், எதைக் கற்க விடாமல் தடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்கள்தான் தேளையும் எலியையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.