மூடிய கதவும் முடங்கிய பறையும்

கொரோனா காலத்தில் கலை அருங்காட்சியகங்கள் மக்களோடு எப்படித் தொடர்பில் இருந்தன என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: இணையத்தில். பதில் பொய்யில்லை. ஆனால் எந்த மக்களோடு என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சேரியின் நிலை தெரியவரும்.

2019-ல் அத்திவரதரைப் பார்க்க 48 நாட்கள் கூட்டம் நெரிந்த ஊர் காஞ்சிபுரம். அடுத்த ஆண்டு மார்ச் 17-ல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் நாடெங்கும் மூடப்பட்டன. கைலாசநாதர் கோயிலும் அதில் அடக்கம். ஒரு வாரத்தில் நாடே முடங்கியது. பெரிய கோயில்களுக்குச் சொத்து உண்டு, அறநிலையத் துறை உண்டு. நடை திறந்ததும் கூட்டம் தானாக வந்தது. சொத்தும் துறையும் இல்லாத கலைகளின் கதை வேறு.

முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா, 1996-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை நம் மாவட்டத்தில்தான் இருந்தது. காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு அங்கே காட்சியாக நிற்கிறது. கைவினைஞர்கள் அங்கே நேரில் செய்து காட்டி விற்பார்கள், கிராமியக் கலைஞர்கள் ஆடிப் பாடுவார்கள். ஊரடங்கில் கதவு மூடியதும் இணையவழிப் பயிற்சிகளை நடத்தியது. மற்ற பல நிறுவனங்களும் அதையே செய்தன. குறை சொல்ல முடியாது, அன்று வேறு வழியும் இல்லை. ஆனால் கைபேசியும் நெட் கார்டுக்குக் காசும் இருந்தவர்களுக்கே அந்தத் தொடர்பு எட்டியது. ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பள்ளிப் பாடத்துக்குப் பங்குபோட்ட வீட்டில் அருங்காட்சியகத்துக்கு முறை வந்திருக்குமா?

காஞ்சிபுரத்துக்கு வெகு அருகில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் தொடங்கியது. ஆட்டக்காரர்கள் அணியும் மரத்தாலான அணிகலன்கள்தான் ‘கட்டை’. தெருக்கூத்து என்று பொதுவாகச் சொல்லித் தாழ்வாகப் பார்த்த கலைக்கு அந்தப் பெயரை நிலைநிறுத்தப் போராடியவர் ராஜகோபால். 2002-ல் அங்கே தொடங்கிய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத் தந்தார்கள். பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

கூத்துக்குப் பருவம் உண்டு. பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ஆண்டுச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். 2020 ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்தது. 2021 ஏப்ரல் 20 முதல் இரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை ஊரடங்கு. கூத்து ஆடும் நேரமே அதுதான். மே 10 முதல் முழு ஊரடங்கு. இரண்டு பருவம் அடுத்தடுத்துப் போனது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தைக் கைபேசியில் எத்தனை நிமிடம் பார்ப்பார்கள்? பார்த்தாலும் ஆடியவருக்குக் கூலி யார் தருவார்?

பறைக்கு இன்னும் மோசம். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தது. திருவிழாவும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14, முதல்கட்ட ஊரடங்கின் கடைசி நாள். ஊரடங்கு நீட்டிப்பு அன்றைக்குத்தான் அறிவிக்கப்பட்டது. சேரிகள் பறை முழங்கக் கூடும் நாள், வீட்டு வாசலில் படத்துக்கு மாலை போட்டதோடு முடிந்தது.

டி.எம்.கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை போன்றவை நிதி திரட்டிக் கலைஞர்களுக்கு உதவின. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நன்கொடை வேறு, உரிமை வேறு. கலையைக் காட்சிக்கு வைத்துப் பெயர் வாங்கும் நிறுவனத்துக்கும் அரசுக்கும் கலைஞரிடம் கடமை உண்டு.

வெளியே பார்ப்போம். அமெரிக்காவின் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் 1967-ல் தொடங்கப்பட்டது அனகோஸ்டியா சமுதாய அருங்காட்சியகம். எலித் தொல்லை அம்மக்களின் பிரச்சினை என்பதால் 1969-ல் எலியைப் பற்றியே கண்காட்சி வைத்தது. 2021-ல், உள்ளே மக்களை அழைக்க முடியாத நிலையில், கறுப்பின ஆளுமைகளைப் பற்றிய கண்காட்சியைத் தெருவுக்கே கொண்டுபோய்த் திறந்தவெளியில் நிறுத்தியது. நியூயார்க்கின் குயின்ஸ் அருங்காட்சியகம் 2020-ல் தன் இடத்தையே உணவுப் பொருள் வழங்கும் மையத்துக்குக் கொடுத்தது. முதலில் பசி, பிறகு படம் என்ற வரிசை அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நம்மாலும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது 2020 டிசம்பரில், தொற்றுக்கு நடுவில்தான். பள்ளி மூடியதால் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைக் கொண்டுவந்தது. பாடம் தெருவுக்கு வர முடியுமென்றால் கலையும் வர முடியும்.

எனவே, நிறுவனங்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கலை பண்பாட்டுத் துறையின் காஞ்சிபுரம் மண்டல மையத்திடமும் நாம் கேட்பவை இவை. சேரி சேரியாகச் சென்று பறை, கூத்து, மேளக் கலைஞர்களைக் கணக்கெடுத்து நல வாரியத்தில் சேருங்கள். பதிவில்லாதவருக்கு நிவாரணம் எட்டாது. கண்காட்சிகளிலும் நிகழ்ச்சிகளிலும் ஒரு பகுதியை ஆண்டுதோறும் சேரித் தெருவிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் நடத்துங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான செயல் திட்டம் 2024-ல் சட்டமாகியிருக்கிறது. அந்த நிதியில் இதற்கும் இடம் ஒதுக்குங்கள். நிறுவனம் மூடினாலும் ஒப்பந்தக் கலைஞருக்கு இத்தனை மாதம் கூலி உண்டு என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ‘தோல் கருவி’ என்று மட்டும் எழுதினால் போதாது. யார் அதைச் சுமந்தார்கள், எதற்காக அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள், எப்போது மறுத்தார்கள், பிறகு எப்படி அதை எதிர்ப்பின் கருவியாக்கினார்கள் என்பதும் அங்கே இருக்க வேண்டும். அதை அந்த மக்களே எழுத வேண்டும். தன் பெயரும் தன் பாட்டன் கதையும் இருக்கும் இடத்தைத் தேடி மக்கள் வருவார்கள். இன்னொரு தொற்று வந்து கதவு மூடினாலும், அந்த இடம் தங்களுடையது என்று அவர்களே விசாரிப்பார்கள்.