1943இல் அம்பேத்கர் கேட்டதை ஒரகடம் இன்னும் கேட்கிறது

அம்பேத்கரின் நாடாளுமன்றப் பேச்சு என்றால் நம் கூட்டங்களில் இரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியது. இன்னொன்று, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவும் அதையொட்டி 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்ததும். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபடி டெல்லி மத்திய சட்டமன்றத்தில் அவர் பேசியவை ஒரு முழுத் தொகுதி அளவுக்கு இருக்கின்றன. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுப்பில் அது பத்தாவது. என் ஆய்வுக்காக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அலையும் நாட்களில் என் பையில் அதன் நகல் கிடக்கும். அதை நாம் அதிகம் புரட்டாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் பக்கங்களில் சாதி என்ற சொல் அவ்வளவாக வராது. தொழிற்சாலை, சுரங்கம், வேலை நேரம், மகப்பேறு உதவி, சங்கம் இவைதான் வரும். உடனே அது ‘வேறு’ அம்பேத்கர் ஆகிவிடுகிறார், இடதுசாரிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

1943 நவம்பரில் அவர் கொண்டுவந்த தொழிற்சங்கத் திருத்த மசோதாவை எடுத்துக்கொள்வோம். 1926ஆம் ஆண்டுச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி செய்தது, அவ்வளவுதான். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு செய்தால் அரசின் ஏட்டில் உங்கள் சங்கத்துக்குப் பெயர் உண்டு. ஆனால் முதலாளி உங்களை மதித்துக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. ‘நீங்கள் யார்?’ என்று அவர் கேட்டால் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அம்பேத்கரின் மசோதா அந்த இடத்தில்தான் கை வைத்தது. தகுதியுள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். அந்தத் தகுதிக்குச் சங்கம் சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றிய பிறகும் அங்கீகரிக்க மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். கருத்தறியச் சுற்றுக்கு விடுங்கள் என்றுதான் சபையில் அன்று கேட்டார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 1946இல் மசோதா மீண்டும் வந்தது. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பின், ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, 1947இல் கட்டாய அங்கீகாரம் சட்டமாகவே நிறைவேறியது.

நிறைவேறிய அந்தச் சட்டம் ஒருநாளும் அமலுக்கு வரவில்லை. அமலாகும் தேதியை அறிவிக்க வேண்டிய அரசு அறிவிக்கவே இல்லை. சுதந்திர இந்தியா தொழிலாளிக்குக் கொடுத்த முதல் சட்டங்களில் ஒன்று அலமாரியிலேயே செத்துப்போனது. 1958இல் அதற்குப் பதிலாக வந்தது ‘ஒழுக்க நெறி’, அதாவது முதலாளி விரும்பினால் அங்கீகரிக்கலாம் என்பது.

இப்போது நம் சாலைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் 2007இல் தொடங்கிய சங்கம் வருடக்கணக்கில் போராடியது எதற்கு? அங்கீகாரத்துக்கு. 2010இல் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியோடு சேர்ந்து எழுந்த கேள்வி, எந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேசும் என்பது. 2018இல் வல்லம் வடகால் யமஹாவில் சங்கம் கட்டிய இருவரை வேலையிலிருந்து நீக்கியதுதான் வேலைநிறுத்தத்தைக் கிளப்பியது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய போராட்டம் 37 நாள் நீடித்தது. அதில் பதிவுக்கே இழுத்தடிப்பு. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்று வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்து, நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கிடைத்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமைக்கே இந்தப் பாடு என்றால் 1943 மசோதாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் போராட்டத்தில் என்னை உறுத்திய ஒன்று உண்டு. வெளியே பந்தலில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருக்க, நிர்வாகம் ‘தொழிலாளர் கமிட்டி’ என்ற ஒன்றோடு ஒப்பந்தம் போட்டது. 2024 அக்டோபர் 7 அன்று தமிழக அமைச்சர்களே பிரச்சினை முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கைதுகள், பந்தல் பிரிப்பு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. சேரி மொத்தமும் ஒரு நியாயம் கேட்டு நிற்கும்போது ஊர்ப் பெரியவர்கள் சேரியோடு பேசமாட்டார்கள். சேரியில் தங்களுக்குத் தோதான ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டு, திண்ணைக்குக் கீழே நிறுத்திப் பேசுவார்கள். ‘உங்காளே ஒத்துக்கிட்டான்’ என்பார்கள். நமக்காக யார் பேசுவது என்பதை அவர்கள் முடிவு செய்வதுதான் அங்கே அதிகாரம். அங்கீகாரம் இதற்கு நேர் எதிரானது. நாங்கள் தேர்ந்தெடுத்தவர் உங்களுக்கு எதிரே சமமாக நாற்காலி போட்டு உட்காருவார் என்பது.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் நுழைய முடியாது என்பதை, அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும் என்பதால் எழுந்த அந்தத் தீட்டை, தொழிற்சங்கத் தலைவர்களிடமே கேள்வியாக வைத்தவர் அம்பேத்கர். ஆலைக்குள் சாதி இருக்காது என்று அவர் நம்பியதே இல்லை. ஒரகடத்தைச் சுற்றிய கிராமங்களில் வாடகைக்கு அறை தேடும் பையன்களிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டு, அடுத்து எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கும் வீட்டுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர் சங்க அங்கீகாரத்துக்காக ஒரு மசோதாவைச் சுமந்தார் என்றால் அது ‘வேறு’ அம்பேத்கர் இல்லை. ஒரே ஆள்தான்.

அந்த நான்கு வருடப் பேச்சுகளைக் கும்பிட்டுப் படிக்கச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் நிலக்கரி வேண்டும் என்று பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் வேலைக்கு அனுப்ப இருந்த தடையை அரசு நீக்கியது. 1944 பிப்ரவரியில் சபையில் அதற்காக வாதாடியவரும் அவர்தான். ஆணுக்குச் சமமான கூலி என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. 1946இல்தான் அந்தத் தடை திரும்ப வந்தது. அதே 1946இல் வாரத்துக்கு 54 மணி நேரத்தை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது வெளிநடப்பு செய்த கட்சிகளில் விடுதலைச் சிறுத்தைகளும் உண்டு. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். சமூகநீதி பேசும் ஆட்சிக்கு அம்பேத்கர் படம் வேண்டும், அவர் கேட்ட 48 மணி நேரம் வேண்டாம் போலிருக்கிறது.

அங்கீகாரம் இப்போது சட்டத்தில் வந்தேவிட்டது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சி இருக்கைகள் காலியாகக் கிடக்க, தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இரண்டு அவைகளிலும் இரண்டே நாளில் நிறைவேறியது. நவம்பர் 21, 2025 முதல் அமலில் இருக்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவுள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகலாம். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் எந்த ஆலையிலும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ‘தொழிலாளி’ என்ற வரையறையில் அப்ரண்டிஸ் இல்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் வேறொருவரின் மஸ்டர் ரோலில் இருப்பார்கள். பயிற்சிக்காரர்களும் காண்ட்ராக்ட்காரர்களும் நிறைந்த இந்தச் சாலையில் 51 சதவீதம் என்றால் எத்தனை பேரில் 51?

ஆதரவை எப்படிச் சரிபார்ப்பது என்பதை விதிகள்தான் தீர்மானிக்கும். நம் ஆலைகளைப் பொறுத்தவரை அந்த விதி மாநில அரசின் கையில் இருக்கிறது. மகாராஷ்டிரம் 1971இலேயே அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் போட்டது, கேரளம் 2010இல். இங்கே மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களும் போடவில்லை. ரகசிய வாக்கெடுப்பு, அதுவும் ஆலைக்கு வெளியே தொழிலாளர் துறை நடத்துவது, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதில் ஓட்டு. நம் ஓட்டு வாங்கி மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் போயிருப்பவர்களிடம் இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேட்போம். ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி 2009இல் பொதுத் தொகுதி ஆகிவிட்டது, சட்டமன்றத் தொகுதி இன்னும் தனித்தொகுதிதான். முதலில் அங்கே போவோம்.